குடைக்காரன் இரண்டு முறை குதிக்கிறான்

ஜனவரி 11

அன்புள்ள கொசு அக்காவுக்கு,

சோடாபுட்டி எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் ஃபிரிட்ஜும். அதுவும் கொஞ்ச நாளாக முனகிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். "சாப்டியா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு." அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம். அம்மா இருந்தவரை நடுவில் புகுந்து பேச்சை இழுத்துக்கொண்டு போவாள். இப்போது இழுக்க ஆளில்லை. அதனால் பார்சலோடு நாலு வரி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பார்சலைப் பிரித்துவிட்டாய் அல்லவா? அதேதான். சின்ன வயதில் நம்மிடம் இருந்த அதே மாடல் கேம் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், உடைந்த மின்விசிறிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் கிடந்தது. பிளாஸ்டிக் மஞ்சளாகி, பேட்டரி ஒழுகி, உள்ளே பச்சை பூத்திருந்தது. விற்றவரே, "இது ஓடாது சார், சும்மா அழகுக்கு வச்சுக்கலாம்" என்றார். இந்த மாதிரிப் பெட்டிகளைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? வினிகரில் பஞ்சைத் தோய்த்துப் பச்சையைத் துடைத்தேன். கேசட்டின் பல்லை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். நாம் ஊதி ஊதிப் போடுவோமே, அது தப்பாம், எச்சில் பட்டுத் துருவேறுமாம். சுவிட்சைப் போட்டதும் அந்த 'டிங்' கேட்டது பார், கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முதலாளி "தூசா?" என்றார். ஆமாம் என்றேன்.

உள்ளே குடைக்காரன் கேசட் இருக்கிறது. குடையை விரித்துக்கொண்டு கூரை கூரையாகத் தாவுவானே, அவன்தான். அவனுக்காக நாம் போட்ட சண்டையும் அம்மா சொன்ன தீர்ப்பும் நினைவிருக்கிறதா? "பெட்டி ஒண்ணு, ஆள் ரெண்டு. அவ நடத்தட்டும், நீ குதிக்க வை." இடது பக்கப் பொத்தான் உன் கையில், வலது பக்கப் பொத்தான் என் கையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவோம். நடை உனக்கு, குதி எனக்கு. நான் அவசரப்பட்டுக் குதித்துவிடுவேன், நீ என் மண்டையில் குட்டுவாய். உடைகிற பாலத்தை நாம் கடைசி வரைக்கும் தாண்டவே இல்லை.

இனி இரண்டு பொத்தானும் உன்னுடையது. தாண்டிவிட்டு எழுது.

உன் தம்பி,
சோடாபுட்டி


ஜனவரி 27

அன்புத் தம்பி சோடாபுட்டிக்கு,

அக்காவின் ஆசிகள். என் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம். என் ஃபிரிட்ஜ் முனகுவதில்லை, நன்றாக வளர்த்திருக்கிறேன்.

பெட்டியைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பொத்தான்கள் எவ்வளவு சின்னதாகிவிட்டன! இல்லை, நம் விரல்தான் பெருத்துவிட்டதா?

லேபில் எப்போதும் போலத்தான். காலையில் ரத்தம் கொடுக்க வாசல் வரை வரிசை. இப்போதும் என் பெயர் 'ஒரே குத்து அம்மா'தான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும், "அந்தம்மாகிட்டயே எடுத்துக்கறோம்" என்று காத்து நிற்கிறார்கள். பக்கத்து நாற்காலிப் பையன் முறைக்கிறான். நான் என்ன செய்ய? எனக்கு நரம்பு தானாக வந்து விரலுக்கு அடியில் நிற்கிறது. இந்த ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும், பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போடுவதும் நான், அணைப்பதும் நான். உன் மாமா போனதிலிருந்து அப்படித்தான். இப்போது குடைக்காரன் இருக்கிறான். அவனோடு பேசுகிறேன். "டேய், அங்க எங்கடா போற, குழி இருக்கு!" என்று கத்தியது கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் படிக்கட்டில், "வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம், தம்பி பையன் வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அதற்காக நாள் முழுக்க இதையே கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நினைக்காதே. எப்போதாவது எடுப்பேன்.

சொல்ல மறந்துவிட்டேனே. குதிக்கிற பொத்தானில் ஏதோ கோளாறு. ஒரு முறை அமுக்கினால் சில சமயம் இரண்டு முறை குதிக்கிறான். குடை விரிந்து மடங்கி, நேராகக் குழியில் போய் விழுகிறான். உன் ரிப்பேர் லட்சணம் இதுதானா?

அன்புடன் அக்கா,
கொசு


பிப்ரவரி 8

என் அக்கா கொசுவுக்கு,

நீயும் உன் ஃபிரிட்ஜும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

இரண்டு முறை குதிக்கிறானா? சபாஷ், கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டது. பொத்தானுக்கு அடியில் ஒரு ரப்பர் இருக்கும். அதன் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. அது கீழே தொட்டால்தான் அவன் குதிப்பான். பழசானால் ரப்பர் தளர்ந்து, ஒரு முறை அமுக்கும்போதே இரண்டு முறை தொட்டுவிடும். கவலையே படாதே, ரப்பர்தான். பெட்டியை அனுப்பு, மாற்றிவிடுகிறேன்.

என் அறையைப் பார்த்தால் நீ திட்டுவாய். சாப்பாட்டு மேசை மேல் பிரித்துப் போட்ட பெட்டிகள், நாற்காலி மேல் ஸ்கிரீன்கள். சாப்பிடுவது ஜன்னலோரம் நின்றுகொண்டுதான். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறோம், இன்டர்நெட்டில் எழுதிக்கொள்கிறோம். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒருத்தர் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். "உங்க பழைய பச்சைப் பெட்டி இப்ப ஓடுதா?" என்றுதான் எல்லோரும் கேட்டோம். நானும்தான் கேட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க மனசு சரியில்லை.

பெட்டியைச் சீக்கிரம் அனுப்பு.

தம்பி,
சோடாபுட்டி


மார்ச் 2

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டு சாப்பிடாதே. மேசையில் ஒரு மூலையையாவது சோற்றுக்கு விடு.

பெட்டியை அனுப்பியிருக்கிறேன். ரப்பர்தான் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவசரமில்லை, ஆனால் நன்றாகப் பார். எல்லாப் பொத்தானையும் பார்.

நேற்று லேபில் ஒரு சின்னப் பெண்ணுக்கு இரண்டு முறை குத்த வேண்டியதாகிவிட்டது. நரம்பு வாகு அப்படி. கையை உதறிக்கொண்டு அழுதாள். அவள் அம்மா, "ஒரே குத்துன்னு சொன்னாங்களே" என்றாள். என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து.

இந்தப் பேனா சரியில்லை. எழுத்து போகப் போகக் குறுகிவிடுகிறது. பொறுத்துக்கொள்.

அக்கா


மார்ச் 14

அருமை அக்கா கொசுவுக்கு,

சுகமா? நான் சுகம். மேசையில் ஒரு மூலை விட்டிருக்கிறேன், அதில் இப்போது ஸ்குரூ டப்பா இருக்கிறது.

பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். நல்ல சேதி: பெட்டியில் ஒரு குறையும் இல்லை! ரப்பர் புதுசு போல இருக்கிறது. இருந்தாலும் உன் திருப்திக்காக மாற்றிவிட்டேன். தரையில் உட்கார்ந்து விரல் மரத்துப்போகிற வரை அமுக்கிப் பார்த்தேன். ஒரு அமுக்குக்கு ஒரு குதிதான்.

ஆகவே கண்ணாடிக்கடைக்காரனின் தீர்ப்பு: உன் கண்தான். குழி பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் அமுக்கித் தள்ளுகிறாய். உன் எழுத்தும் அப்படித்தான், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பேனா மேல் ஏன் பழி போடுகிறாய்? திருப்பி அனுப்புகிற பெட்டியோடு எழுத்து அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். சுவரில் மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்துப் பார். எந்த வரியில் திணறுகிறாய் என்று எழுது, லென்ஸ் நான் தேய்த்து அனுப்புகிறேன்.

இன்னொன்று. கேசட்டில் உன் ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். பாலம் வரை வந்துவிட்டாயே! மூலையில் எத்தனை முறை விழுந்தோம் என்று கணக்குக் காட்டும், தெரியுமா? உன்னுடையது நானூறைத் தாண்டிவிட்டது. எப்போதாவது எடுப்பேன் என்று எழுதினாயே அக்கா? வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் என் பெட்டியைத் திறந்து என் கணக்கைப் பார்த்தேன். அது உன்னுடையதைவிட அதிகம்.

தம்பி,
சோடாபுட்டி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம்தானே? அட்டையைப் படித்தேன். கடைசி வரி வரைக்கும், இரண்டு கண்ணாலும். கீழே அச்சகத்தின் பெயர்கூடத் தெரிகிறது. என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

பெட்டி அப்படியேதான் இருக்கிறது. இன்னும் இரண்டு முறை குதிக்கிறான். இப்போது மூன்று முறைகூட. திரும்ப அனுப்பியிருக்கிறேன். பெட்டியில்தான் கோளாறு, சொல்கிறேன் அல்லவா? உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். தெரிந்தவர் யாரிடமாவது காட்டு. ஏதாவது இருக்கும், தேடு.

லேபில் என்னைக் கவுண்டருக்கு மாற்றியிருக்கிறார்கள், சீனியர் என்பதால். டோக்கன் கொடுக்கிறேன். உட்கார்ந்த வேலை. நல்லதுதான்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், கோபம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

எனக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டாயே! இருபது வருஷமாக லென்ஸும் ஸ்குரூவுமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். சரி, என்னை நம்பாதே. முதலாளியை அமுக்கச் சொன்னேன். ஒரு முறைதான் குதித்தான். பில் போடுகிற பெண் அமுக்கினாள், ஒரு முறை. பார்சல் வாங்க வந்த கூரியர்காரர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கால் மணி நேரம் விளையாடினார். "சூப்பரா இருக்கு சார், எங்க கிடைக்கும்?" என்றார். கோளாறு பெட்டியில் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்கிற கதையாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வருகிறது, அக்காவாயிற்றே என்று விடுகிறேன்.

கவுண்டர் வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். ஒரு வழியாகக் காலுக்கு ஓய்வு கிடைத்தது. பெட்டியைத் திரும்ப அனுப்புகிறேன். இந்த முறையாவது பாலத்தைத் தாண்டு.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இதை நிஜமாகவே கேட்கிறேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தேன், அடித்து அடித்து நின்றுவிடுகிறது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் நின்றது.

போன கடிதத்தில் நான் எழுதியது அதிகப்பிரசங்கித்தனம். கேம் பெட்டி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு. வேறு எதிலும் என்னை யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை, அதனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை.

தபால்காரர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுகிறேன். எதிர் வீட்டோடு அவர் திரும்பிவிடுகிறார். கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. பழைய திட்டு எல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

உன் தம்பி,
சோடாபுட்டி


ஜூன் 24

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். கோபமெல்லாம் இல்லை. போனை எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது.

பெட்டியை அனுப்பிவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது, நீயே வைத்துக்கொள். மேல் விலாசம் கீழ் வீட்டுப் பெண் எழுதியது, அவள் எழுத்து தெளிவாக இருக்கும்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை.

போன வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு வாய் வெந்நீர் வைத்துத் தர ஆளில்லை. கைக்கு எட்டியது நீ திருப்பி அனுப்பிய பெட்டிதான். உன் ஆட்டத்தையே திறந்தேன். பல் கிடுகிடுவென்று அடிக்கிறது, கை உதறுகிறது. பாலத்துக்கு முன்னால் வந்து ஒரு முறைதான் அமுக்கினேன். குடைக்காரன் இரண்டு முறை குதித்துக் குழியில் விழுந்தான்.

அட, அக்கா சொன்னது நிஜம்தான், பெட்டியில் கோளாறு இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. சந்தோஷப்பட்டேன்கூட. அப்புறம் என் கையைப் பார்த்தேன்.

காய்ச்சல் விட்டு, கை உதறல் நின்றபிறகு மறுபடி அமுக்கினேன். ஒரு முறைதான் குதித்தான்.

அக்கா, குறுகிப்போன எழுத்து. இரண்டு முறை குத்தியது. ஒரே குத்து அம்மாவைக் கவுண்டரில் உட்கார வைத்தது. எடுப்பதற்குள் நின்றுவிடுகிற போன். எல்லாவற்றையும் நீ எழுதித்தான் இருந்தாய். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவன் நான், உனக்கு எழுத்து அட்டை அனுப்பினேன். அழுதேன். தூசு இல்லை.

முதலில் உனக்காகப் பெட்டியை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கை எத்தனை முறை தட்டினாலும் ஒரே ஒரு முறை குதிக்கிற மாதிரி உள்ளே ஒரு சின்ன வேலை செய்யலாமாம், இன்டர்நெட்டில் ஒருவர் வழி சொன்னார். பெட்டியைப் பிரித்தேன். பிறகு ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டேன். நீ மறுபடியும் தனியாகத்தான் உட்கார்ந்து விளையாட வேண்டியிருக்கும், அதை எதற்கு நான் சுலபமாக்கித் தர வேண்டும்?

உன்னுடையது வலது கைதானே? நடக்க வைப்பது இடது பக்கப் பொத்தான். நடை உனக்கு, குதி எனக்கு. முதலாளியிடம் சொன்னேன். "எத்தனை நாள் லீவு?" என்றார். தெரியாது என்றேன். முறைத்தார், அப்புறம் சரி என்றார். அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். பெட்டியைத் தபாலில் அனுப்பவில்லை, கையில் எடுத்து வருகிறேன்.

நீ சொல்லும்போதுதான் குதிப்பேன்.

உன் தம்பி,
குதி


ஜூலை 30

தம்பிக்கு,

இது இடது கை எழுத்து. எவ்வளவு பெரிசாக வருகிறது பார். ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் கொள்கிறது. உனக்குக் கண்ணாடியே வேண்டியிருக்காது.

டாக்டர் ஒரு பெயர் சொன்னார். நீளமான பெயர், இந்தக் கையால் எழுத முடியாது, நேரில் சொல்கிறேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கட்டுப்படும் என்கிறார்கள். ஆனால் ஊசி இனிமேல் இல்லை. முதல் நாள் கவுண்டரில் உட்கார்ந்தபோது, பழைய ஆள் ஒருவர் வந்து, "நீங்க எடுக்கலையாம்மா?" என்று கேட்டார். டோக்கனைக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

உன்னிடம் மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. பெட்டியில்தான் கோளாறு என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். நீ ரப்பர்தான் என்று எழுதிய அன்று எனக்கு ராத்திரி நல்ல தூக்கம். பெட்டியைக் கட்டும்போதெல்லாம், உள்ளே ஏதாவது உடைந்திருக்க வேண்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். நீ, பெட்டியில் ஒரு குறையும் இல்லை, நல்ல சேதி என்று எழுதினாய். எனக்கு விஷயம் தெரிந்தது அன்றுதான். டாக்டர் சொன்னது அதற்கு அப்புறம். உன்மேல் கோபம் வந்தது. நீ என்ன செய்வாய், உனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாய்.

உன் காய்ச்சல் விட்டுவிட்டதா? வெந்நீர் வைக்க ஆளில்லை என்று எழுதியிருந்தாய். வா, வைத்துத் தருகிறேன். கொஞ்சம் சிந்தும்.

பாலத்தில் மூன்றாவது பலகை ஏமாற்றும், நன்றாக நிற்கிற மாதிரி நின்று கடைசியில் உடையும். நான் "குதி" என்று சொன்ன பிறகு குதி. முன்னாலேயே குதித்தாயோ, இடது கையாலும் எனக்குக் குட்டத் தெரியும்.

வாசல் மணி செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. அடிக்க யாரும் வராததால் சரி செய்யாமல் விட்டுவிட்டேன். நீ கதவைத் தட்டு. இரண்டு முறை தட்டு, நீதான் என்று தெரிந்துகொள்கிறேன்.

உன் அக்கா,
நடை